விஜி வண்டி கழுவிய ஞாயிறு

“ஒரு பைக்க கய்வறதுக்கு எத்தினி பக்கெட் தண்ணி வேணும், சொல்லு பாக்கலாம்?”

எதிர்வீட்டு விஜியக்கா ஒருநாள் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அதுதான் என் இடம். யாராவது கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்கு அது தெரியும். அதனால் பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்.

“மூணு. மேல ஊத்த ஒண்ணு, தேய்க்க ஒண்ணு, அலச ஒண்ணு. நாலாவது பக்கெட் ஊத்தறவன் வண்டி கய்வல, வண்டிகூட வெளாடறான்.”

ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் அந்த பைக்கைக் கழுவினாள். வண்டி அவள் புருஷன் அரவிந்தனுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். “ஓட்றது நானு, குளிப்பாட்றது அவ” என்று அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். கழுவும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். “அந்தப் பக்கம் வுட்டுட்ட” என்பார். அக்கா ஈரத்துணியை உதறுகிற மாதிரி அவர்மேல் தண்ணீர் தெளிப்பாள்.

பாரிவாக்கத்தில் எங்கள் தெரு ஏரிக்குப் போகிற கால்வாயை ஒட்டி இருக்கிறது. தெருக்கோடியில் ஐந்து மாடி ஃபிளாட்டுகள். அந்த இடத்தில் முன்பு எங்கள் ஆட்கள் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டார்கள். இப்போது அதே இடத்தில் அடுத்தவன் வீட்டில் தரை துடைக்கிறார்கள், கேட்டில் நிற்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூட, குனிகிறது அதே அளவு.

ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை விடிகாலை அரவிந்தன் முதல் ஷிப்டுக்குப் போகும்போது, கால்வாய் திரும்புகிற முனையில் வண்டியோடு உள்ளே போய் விழுந்துவிட்டார். பால்காரர் பார்த்துச் சத்தம் போட்டார். தொடை எலும்பு இரண்டு துண்டு. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். பதினொரு ராத்திரி அவர் அண்ணன் செங்கல்வராயன்தான் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடந்தார். தம்பியைத் தூக்கினது, துடைத்தது, மலம் எடுத்தது எல்லாம் அவர்தான். தண்ணீருக்குள் ஒரு நாள் முழுக்கக் கிடந்த வண்டியையும் கயிறு கட்டி இழுத்துத் தன் வீட்டுக் கொட்டகையில் போட்டுவைத்தவர் அவர்தான். தம்பி வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் தலைக்கறி வாங்கிக்கொண்டு வருவார்.

ஊர் வேறு ஒரு கதையைக் கொண்டுவந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்றது. அரவிந்தன் குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இல்லையென்றால் தூங்கிவிட்டான் என்றது. மோசம் என்னவென்றால் அவருக்கே நினைவில்லை. அந்த முனை வருவது நினைவிருக்கிறது, தண்ணீர் வாய்க்குள் போனது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

“தூங்கிட்டேன் போல” என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். “கண்ண மூடிட்டேன் போல. பிரேக்க மிதிச்ச ஞாபகமே இல்ல. இனிமே நான் வண்டிய தொட மாட்டேன். அண்ணன் சொல்ற மாரி அத ஒழிச்சிடுங்க.”

அண்ணன் சொன்னது இதுதான்: அது ஆளைத் தின்கிற வண்டி, வீட்டுக்குள் வரக் கூடாது, காயலான் கடை யூசுப் பாயிடம் சொல்லியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எடைக்கு ஏற்றிவிடலாம்.

விஜியக்காவின் கணக்கு வேறு. அவளுக்குத் திருமழிசை தாண்டி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை சொல்லியிருந்தார்கள். காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. “வண்டி இருந்தா திங்கக்கெழம வா. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கறோம்” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் திருநின்றவூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தன. வேலை கிடைத்தால்தான் கூட்டிவர முடியும். கியர் வண்டி ஓட்ட இரண்டு வருடத்துக்கு முன்பே காலி மனைகளில் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்துவைத்திருந்தாள். எதற்கு என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை மழை விட்டது. ஐந்து நாளைக்குப் பிறகு வெயில். செங்கல்வராயன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா கொட்டகைக்குப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். முன் டயரில் காற்றில்லை. வண்டி முழுக்கச் சேறு காய்ந்து, யானைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் நாகம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இன்னாமே விஜி, புருசன் கால ஒடச்ச வண்டிய புருசன் மாரி அணைச்சி தள்ளிகினு வர்ற?”

“புருசனுக்கு இது மேலுக்கா. வர்ற வயில எதிர்த்து பேசல.”

“உன் மாமன் செங்கல்வராயனாண்ட கேட்டியா?”

“வண்டி யார் பேர்ல கீது?”

“உன் புருசன் பேர்ல.”

“அந்த ஆளே என் பேர்லதான் கீறாரு. போவியா.”

காய்ந்த சேற்றை அவள் சுரண்டவில்லை. சுரண்டினால் பெயின்ட்டோடு வரும். பழைய சாக்குகளை நனைத்து டேங்க் மேலும் சக்கரத்தின் மேலும் போர்த்தி, இருட்டும் வரை இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஞாயிறு காலை நான் ஜன்னலைத் திறந்தபோது அவள் சாக்குகளை எடுத்துவிட்டிருந்தாள். நைட்டிக்கு மேல் புருஷனின் பழைய கம்பெனிச் சட்டை. முதலில் சைலன்சர் வாயில் பால் கவரைச் சுருட்டி அடைத்து ரப்பர் பேண்ட் போட்டாள். சாவி போடுகிற இடத்தில் டேப் ஒட்டினாள். பிறகு பக்கெட்டைத் தூக்கி மேலிருந்து கீழே, அவசரமில்லாமல் ஊற்றினாள். ஊறிய சேறு தகடு தகடாக நழுவி விழுந்தது. அதன் அடியிலிருந்து டேங்கின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

அரவிந்தனின் கட்டில் தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்குப் பாதிவரை திரை. தலை தெரியாது, குரல் மட்டும் வரும்.

“ஏ விஜி, இன்னா சத்தம்?”

“பாத்தரம் கய்வறேன்.”

“பாத்தரத்துக்கு சென்டர் ஸ்டாண்டு கீதா? ஸ்டாண்டு போட்ற சத்தம் எனுக்கு தெரியாதா?”

“தெரியுதில்ல? அப்பால இன்னாத்துக்கு கேக்கற?”

“வேணாம்னு சொன்னேன் இல்ல? அண்ணன் வந்தா இன்னா சொல்லுவாரு?”

“வரட்டும். சொல்லட்டும்.”

அவள் ஷாம்பு பாக்கெட்டைக் கடித்துக் கிழித்து இரண்டாவது பக்கெட்டில் கலக்கினாள். டேங்குக்கு பனியன் துணி, சக்கரத்துக்குத் தேங்காய் நார், ஸ்போக்ஸ் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றில் வைக்கவே மாட்டாள். சக்கரத்தைத் தேய்த்த நார் டேங்க் பக்கம் போனால் கீறல் விழும்.

“விஜி.”

“இன்னா?”

“ஸ்டார்ட் கீர்ட் பண்ணி பாத்துடாதே. உள்ள தண்ணி நிக்கும். உதைச்சன்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.”

“ஒழிக்கச் சொன்ன வண்டிதான? வளைஞ்சா இன்னா, நிமிந்தா இன்னா?”

“இல்ல, சொன்னேன்.”

“ப்ளக்க கயட்டிட்டுதான் உதைப்பேன். எனுக்கு தெரியும். நீ கம்னு படு.”

நாகம்மாள் இட்லிப் பானையை இறக்கிவிட்டு வந்து நின்றாள். அக்கா வண்டிக்கு அடியில் ஒரு பேசினை வைத்து எஞ்சின் ஆயிலைத் திறந்துவிட்டாள். கறுப்பாக வர வேண்டியது தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வந்தது.

“சக்கர போட்டா குடிச்சிடலாம்டி” என்றாள் நாகம்மாள்.

“உன் கட டீயவிட கெட்டியா கீது, இல்ல?”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஆறு வாரத்தில் அந்த வீட்டிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்ததும் கால் வலித்திருக்கும், “அம்மா” என்று ஒரு முனகலும் வந்தது.

ப்ளக்கைக் கழற்றிவிட்டு அவள் கிக்கரைக் கையால் அழுத்தினாள். ஓட்டையிலிருந்து தண்ணீர் எகிறி நாகம்மாளின் புடவையில் அடித்தது. “ஐயோ, எண்ணெயி!” என்று அவள் குதித்தாள். அழுத்த அழுத்தத் தண்ணீர் குறைந்து, வெறும் காற்று மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. கார்பரேட்டர் அடியில் இருந்த திருகாணியைத் தளர்த்தி அதிலிருந்தும் வடியவிட்டாள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து துணிக்கொடியில் க்ளிப் போட்டு மாட்டினாள். சீட்டைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். மிதிக்க மிதிக்கப் பழுப்புத் தண்ணீர் ஊறி ஊறி வந்தது. ஒரு நத்தையும் வந்தது. அதை எடுத்துக் கால்வாய்ப் பக்கம் வீசினாள்.

மேற்கே ஒரு மேகம் கறுத்து நின்றது. அவள் அடிக்கடி அதைப் பார்த்தாள். எட்டு மணிக்கு உள்ளே போய் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அடியே, என் ஃபேன எங்க எடுத்துகினு போற? கொசு புடுங்குது!”

“உனுக்கு கால்தான் ஒடஞ்சிக்கீது. அதுக்கு நெஞ்செல்லாம் தண்ணி.”

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தி, எஞ்சினுக்கு நேராக ஃபேனை வைத்தாள். வெயிலில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஃபேன் ஓடுவதைத் தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஃபிளாட்டில் குடியிருக்கும் ஒருவர் காரை நிறுத்தி போட்டோ எடுத்தார். அக்கா அவரைப் பார்த்து, “ஏசி வெக்கலாம்னு பாத்தேன் சார், ஒயரு எட்டல” என்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில், இடுக்கியால் ப்ளக்கைப் பிடித்து நெருப்பில் காட்டினாள். பெட்ரோல் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து எங்கள் வீடு வரை வந்தது.

அதற்குப் பிறகுதான் பின் சக்கரத்துக்கு வந்தாள். பொதுவாக முதலில் பின் சக்கரத்தைத்தான் முடிப்பாள். அன்றைக்கு அங்கே களிமண் அதிகம் என்று கடைசிக்கு வைத்திருந்தாள். குந்தி உட்கார்ந்து, டூத் பிரஷ்ஷை வைத்து மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு போனாள். பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கோலிக்குண்டு அளவுக்குக் களிமண் உருண்டை. தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தாள். உருண்டை கரைந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

அந்த நுனியில் ஒரு நட்டு இருக்க வேண்டும். நட்டு இல்லை. அதற்குப் பதில் மெல்லிய கட்டுக்கம்பி இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, முறுக்கின வாலை உள்பக்கமாக மடக்கிவிட்டிருந்தது. ஒரு பக்கம் அறுந்திருந்தது.

அவள் எழுந்தாள். வீட்டின் தகரக் கூரையை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைப் போய்ப் பார்த்தாள். துணிக்கொடி கட்டிய இடத்தைப் பார்த்தாள். கேட்டின் உடைந்த கீலைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, வால் உள்பக்கம். இந்தத் தெருவில் அந்த முடிச்சைத் தெரியாதவர்கள் கிடையாது. செங்கல்வராயன் முப்பது வருடமாக கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். இடுப்பில் எப்போதும் ஒரு கொக்கியும் ஒரு சுருள் கட்டுக்கம்பியும் இருக்கும். யார் வீட்டில் எது ஆடினாலும் அவர்தான் கட்டிக்கொடுப்பார். வால் வெளியே நீட்டினால் ஆள் கையைக் கிழிக்கும் என்று மடக்கிவிடுவார். மற்றவர்கள் மடக்க மாட்டார்கள்.

அக்கா ஜன்னலுக்குப் போனாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள். ஆனாலும் எங்கள் தெருவின் அகலம் அவ்வளவுதான், எனக்குக் கேட்டது.

“இந்தா. நீ வுயுந்ததுக்கு மொத நாளு ஞாயித்துக்கெயம. அன்னிக்கி நான் வண்டி கய்வல, ஞாபகம் கீதா?”

“கீதே. வண்டி ஊட்லயே இல்லியே. அண்ணன் வெள்ளிக்கெயமயே எடுத்துகினு கல்யாணத்துக்கு போய்ட்டாரில்ல? ஞாயித்துக்கெயம ராத்திரிதான வந்து வுட்டாரு. ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

“இன்னாடி?”

“நீ பிரேக்க மிதிச்ச.”

“ஆங்?”

“அந்த மொனைல நீ பிரேக்க மிதிச்சிக்கீற. தூங்கல.”

“உனுக்கு எப்டி தெரியும்?”

“வண்டி கய்வறவ நானு. சோறு ஆவட்டும், அப்பால பேசலாம்.”

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கழுவியிருந்தால் பார்த்திருப்பாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனாள். ஞாயிறு ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். நட்டும், ஸ்ப்ரிங்கும், அரை பாட்டில் டீசலும், எஞ்சின் ஆயிலும் வாங்கி வந்தாள். கூடவே பஞ்சர் ஒட்டுகிறவரை அழைத்துவந்து முன் டயருக்குக் காற்று அடிக்க வைத்தாள். கட்டுக்கம்பித் துண்டைப் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிரேக் கம்பியை அதன் இடத்தில் நுழைத்துப் புது நட்டை முடுக்கினாள். எஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றினாள். செயினை டீசலில் கழுவி, காயவிட்டு, ஆயில் தொட்டு வைத்தாள். புருஷனுக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. மேகம் தலைக்கு மேல் வந்து, நாலு சொட்டுப் போட்டது. அவள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடி வண்டிமேல் போர்த்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை மனசு மாறிப் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டது.

மூன்று மணிக்கு யூசுப் பாயின் லோடு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் செங்கல்வராயன் உட்கார்ந்திருந்தார். கையில் கறுப்புக் கவரில் தலைக்கறி. ராத்திரி வேலை நடக்கும் இடத்திலேயே தங்கியிருந்தவர். கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் இறங்கின வேகத்திலேயே தெரிந்தது.

“யார கேட்டு எடுத்துகினு வந்த?”

“வா மாமா. துண்ணியா?”

“கேட்ட கேள்விக்கி பதில் சொல்லு விஜி.”

“வண்டிய கேட்டேன். வரேன்னிச்சி.”

யூசுப் பாய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஸ்போக்ஸைத் தொட்டார், டேங்கில் முகம் பார்த்து தாடியைத் தடவிக்கொண்டார். “அண்ணாத்தே, சேத்துல ஊறுன வண்டின்னு சொன்ன? இது இன்னா கல்யாணத்துக்கு போற மாரி நிக்கிது?”

“மேலுக்கு கய்வி வெச்சிக்கீறா பாய். உள்ள செத்துடிச்சி.”

“செத்துதா இல்லியான்னு பாத்துடலாமே” என்றாள் அக்கா. சைலன்சர் கவரையும் டேப்பையும் எடுத்துவிட்டு, ஸ்பாஞ்சையும் ப்ளக்கையும் சீட்டையும் ஏற்கெனவே மாட்டியிருந்தாள். சாவியைப் போட்டாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தாள். ஒரு தும்மல், அவ்வளவுதான். நாகம்மாள் கையைப் பிசைந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. செங்கல்வராயன் தலையைத் திருப்பிக்கொண்டு, “பாய், ஏத்து” என்றார்.

“சோக்க இழுடி!” என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “முழுசா இழு! ஆக்சிலேட்டர தொடாத!”

அவள் சோக்கை இழுத்தாள். உதைத்தாள். வண்டி இருமியது. இன்னொரு உதை. ஒரு பெரிய வெள்ளைப் புகை தெருவை மூடியது, புகைக்குள் எஞ்சின் டுப் டுப் என்று திக்கி, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. நாகம்மாள் விசில் அடிக்கத் தெரியாமல் “ஊ” என்று கத்தினாள். யூசுப் பாய் புகையைக் கையால் விசிறிக்கொண்டே சிரித்தார்.

“அண்ணாத்தே, மூச்சு வுட்ற வண்டிய நான் எடைக்கி போட மாட்டேன். என் தொயிலுக்கே ஆவாது.”

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. “ஸ்டார்ட் ஆவறது பெருசில்ல பாய். என் தம்பி கால தின்னுட்டு நிக்கிது. நாளிக்கி இவ ஏறுவா, இவள தள்ளும். நான் எத்தினி பேர ஆஸ்பத்திரிக்கி தூக்குவேன்? விஜி, உன் நல்லதுக்கு சொல்றேன். அது காவு கேக்கற வண்டி.”

அக்கா எஞ்சினை அணைத்தாள். அவள் சட்டைப்பையிலிருந்து கட்டுக்கம்பித் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவருக்கு எதிரே நீட்டினாள்.

“இத பாரு மாமா.”

அவர் பார்த்தார். அவர் முகம் என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை. அவர் கண் இமைக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

“பின்னாடி பிரேக் கம்பில இருந்திச்சி. நட்டு இருக்கற எடத்துல. இது யார் கட்டு, நான் சொல்லணுமா? ரெண்டு சுத்து, வால் உள்ள.”

யூசுப் பாய் எட்டிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய் நின்றார்.

“கல்யாணத்துல எங்கியோ கீழ போட்டுக்கீற. நட்டு வுயுந்துடிச்சி. கம்பி கட்டி கொண்ணாந்து நிறுத்திட்ட. தப்புன்னு சொல்லல மாமா. எது ஆடுனாலும் கட்ற கை உன் கை. ஆனா நீ கட்றதெல்லாம் நிக்கற கம்பிக்கி. தூணுக்கு கட்டுவ, தளத்துக்கு கட்டுவ, அப்பால அது மேல சிமிட்டிய கொட்டிடுவாங்க, அசையாது. இது அசையற கம்பி. ஒவ்வொரு மிதிக்கும் இழுக்கும். எத்தினி மிதிக்கி தாங்கும்? அந்த மொனைல அவரு மிதிச்சாரு, அறுந்துடிச்சி. அப்பால முன் பிரேக்க புடிச்சாரு. ஈர ரோடு. வயிக்கிடிச்சி.”

“விஜி...” என்றார் அவர்.

“ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும். ‘பிரேக்க பாத்துக்கடா’ன்னு. காலைல நானே நட்டு வாங்கி போட்டுருப்பேன். சரி, மறந்துட்ட. அப்பால? ஆறு வாரம் உன் கொட்டாய்ல கெடந்திச்சி. ஒரு பக்கெட் தண்ணி ஊத்த உனுக்கு தைரியம் வரல. வண்டிய எடைக்கி போட்டுட்டா முடிச்சும் சேந்து போய்டும்னு நெனச்ச. தெருவே அவர குடிகாரன்னிச்சி. நீ பக்கத்துல நின்னுகினு கேட்டுகினு இருந்த. அவரு தூங்கிட்டேன், தூங்கிட்டேன்னு தலைல அடிச்சிகினு கெடந்தாரு. நீ அவருக்கு கஞ்சி ஊட்டன. எனுக்கு அதுதான் புரியல. ஊட்ற கைக்கி சொல்ற வாயி இல்லியா?”

நாகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளும்தான் குடிகாரன் என்று சொன்னவள்.

“நீ அவருக்கு செஞ்சத நான் மறக்கல. பதினோரு ராத்திரி. மறந்தா நான் மனுசியே இல்ல. ஆனா இந்த வண்டிய ஆள தின்றதுன்னு இன்னொரு வாட்டி சொல்லாத. என் எதுர்லயும் சொல்லாத, எவன் எதுர்லயும் சொல்லாத. நாளிக்கி காலைல நாலரைக்கி இத எடுத்துகினு நான் வேலைக்கி போறேன். பத்தரமாத்தான் போவேன். இப்ப ஒண்ணே ஒண்ணு செய்யி. உள்ள போ. அவராண்ட நீயே சொல்லு. நான் சொன்னா அது பொண்டாட்டி சொன்னது. நீ சொன்னாதான் அவருக்கு ஆறும்.”

அவர் வாசலைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தார். படிக்கட்டில் ஒரு காலை வைத்து நின்றார்.

அப்போது ஜன்னல் திரை விலகியது. அரவிந்தன் எப்படியோ கம்பியைப் பிடித்து உடம்பை ஏற்றி உட்கார்ந்திருந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கோபமாகக் கத்தப்போகிறார் என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

“ணா” என்றார். சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது குரல். “நான் மிதிச்சேனா? பிரேக்க மிதிச்சேன் இல்ல? தூங்கல இல்லண்ணா நானு?”

செங்கல்வராயன் வாயைத் திறந்தார். கறிக் கவரைப் படியின்மேல் வைத்தார். திரும்பி வண்டியிடம் வந்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, கையால் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டியின் சக்கரம் ஸ்போக்ஸ் மின்ன வேகமாகச் சுழன்றது. அவர் பிரேக் பெடலின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் அழுத்தினார்.

சக்கரம் டக்கென்று நின்றது.

அவர் தலை குனிந்தபடி இன்னும் கொஞ்ச நேரம் பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலில் இருந்த தம்பியை நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஒரு தடவைதான். அரவிந்தன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தார்.

யூசுப் பாய் ஆட்டோவில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். செங்கல்வராயன் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுவின தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்த தெரு நடுவில், யாரையும் பார்க்காமல் மெயின் ரோட்டுச் சிக்னல் பக்கம் நடந்து போனார்.